கறுப்பு கவுனை வரைந்தவர்கள்: க்ரூவோவா, எரிக்கா?

கறுப்புப் பட்டுப் புடவையை செல்போனில் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகம் இருக்கும், கரை இருக்கும், நடுவில் ஒரு பெரிய கறுப்புப் பொத்தல். மடிப்பும் மினுமினுப்பும் போன இடம் தெரியாது. 1940, 50களில் ஃபேஷன் பத்திரிகைகளுக்கு வரைந்தவர்களுக்கும் இதே தலைவலிதான். இரண்டு பேர் இதை நேர் எதிரான வழிகளில் சமாளித்தார்கள்.

ரெனே க்ரூவோ, 1909இல் இத்தாலியின் ரிமினியில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர், அவருடைய குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். 1947இலிருந்து பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான டியோருக்கு வரைந்தார். மடிப்பு தெரியவில்லையா? தெரியவே வேண்டாம் என்பது இவர் கட்சி. மசியில் தோய்த்த தூரிகையால் உடை முழுவதையும் ஒரே கறுப்பாக அப்பிவிடுவார். இடுப்பின் ஒடுக்கம், பாவாடையின் விரிவு எல்லாவற்றையும் ஓரக்கோடே சொல்லிவிடும். ஜப்பானிய மர அச்சுப் படங்களின் சாயல் அப்படியே தெரியும். மிஸ் டியோர் வாசனைத் திரவிய விளம்பரத்தில் பெண்ணே இல்லை. ஓர் அன்னம், அதன் கழுத்தில் முத்துமாலையும் கறுப்பு ரிப்பனும். என்ன துணிச்சல் பாருங்கள்!

ஆனால் அந்தக் கறுப்பு வெல்வெட்டா, கம்பளியா, பட்டா? க்ரூவோ படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இன்னொன்று, அவர் வரைந்த பெண்கள் எல்லோரும் எனக்கு ஒருத்தியாகவே தெரிகிறார்கள்.

எரிக் என்று கையெழுத்திட்ட கார்ல் எரிக்சன் அமெரிக்கர், 1891இல் பிறந்தவர். வோக் பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் வரைந்தார். மாடல் எதிரே இல்லாமல் வரையமாட்டார். அதனால் அவருடைய கறுப்பு ஒரே கறுப்பாக இருக்காது. தோளில் வெளிச்சம் பட்ட இடத்தில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவார், மடியில் துணி குவியும் இடத்தில் சாம்பல் நிறத்தில் நீர்த்த வண்ணம். துணி கனமா லேசா என்று பார்த்தவுடன் தெரியும். உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் அலுப்பு இருப்பதுகூடத் தெரியும். என் ஓட்டு இவருக்குத்தான்.

சரி, டெய்லரிடம் காட்டித் தைக்கச் சொல்ல எது உதவும்? இரண்டும் உதவாது. அதற்குப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1950இல் பாரிஸில் பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்கள்தான். உடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் உடையில் கை எங்கே திரும்புகிறது, உடம்போடு ஒட்டுவதற்கான டாட் மடிப்பு எங்கே பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பத்திரிகைகள் கேமரா பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்படியும் நியூயார்க் நாளிதழ்களில் கடை விளம்பரங்களுக்குக் கையால் வரைவது 50களிலும் நீடித்தது. லார்ட் அண்ட் டெய்லர் கடைக்கு டோரத்தி ஹூட் வரைந்தார், ஐ. மில்லர் செருப்புகளுக்கு ஆண்டி வார்ஹால். காரணம் அச்சகத்தில் இருக்கிறது. புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சடிக்க வேண்டும். மட்டமான நாளிதழ்த் தாளில் மை ஊறி, கறுப்பு உடை சேறாகிவிடும். கோட்டோவியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குச் சுவரில் மாட்டப் பிரதி வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். மலிவான அச்சில் எரிக்கின் சாம்பல் நிறம் முதலில் காணாமல் போகும், க்ரூவோ தப்பித்துவிடுவார். ஓட்டு எரிக்குக்குப் போட்டாலும், என் சுவருக்கு நான் வாங்குவது க்ரூவோவைத்தான்.