டூ-ஸ்ட்ரோக்கில் வேகம் கூட்ட: அரைப்பதா, பெரிய சிலிண்டரா, சைலன்சரா?

50 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரித்தாகிவிட்டது, பழையபடியே மூட மனசு வரவில்லை என்றால் வழி மூன்று: போர்ட்டுகளை (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளை) அரைத்துப் பெரிதாக்கலாம், பெரிய சிலிண்டர் கிட் போடலாம், எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் மாட்டலாம். எதைச் செய்தாலும் கிராங்க் ஆயில் சீலை முதலில் மாற்றிவிடுங்கள். தேய்ந்த சீல் வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும். புது பிஸ்டனும் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் சிலிண்டரோடு இறுகிவிடும்.

அன்றாட ஓட்டத்துக்கு என் ஓட்டு சிலிண்டர் கிட்டுக்குத்தான். 39.2 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள இன்ஜினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 40 மி.மீ. என்றால் 49 சிசி. அதையே 47 ஆக்கினால் 68 சிசி. கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே இழுவை கூடும். கூடுதல் சூட்டையும் பழைய கிராங்க் பேரிங்தான் தாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சைலன்சரின் கதையே வேறு. புகையோடு கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் உறிஞ்சும் அலையாகத் திரும்பிப் புதுக் கலவையை இழுக்கிறது. பிறகு குறுகும் கூம்பில் பட்டுத் திரும்பும் அலை, வெளியே நழுவிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் 1950களில் இதைப் பக்குவப்படுத்தியவர் வால்டர் காடன். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே 50 சிசி உலகப் பட்டம்! ஆனால் அலை சரியான நேரத்தில் திரும்புவது குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டுமே. அதற்குக் கீழே வண்டி சோம்பும்.

போர்ட் அரைப்பது மலிவு, ஆபத்தும் அதிகம். மேலே சொன்ன ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டை 1 மி.மீ. உயர்த்தினாலே அது திறந்திருக்கும் நேரம் கிராங்க் சுழற்சியில் ஏறத்தாழ 6 டிகிரி கூடும். சக்தி மேல் ஆர்பிஎம்முக்கு ஏறும், கீழே குறையும். அகலத்தை மிகைப்படுத்தினால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும். விளிம்பை மழுக்காமல் விட்டாலும் அதே கதிதான். அரைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பந்தயத்துக்கு மட்டும், அதுவும் சேம்பரோடு சேர்த்தே செய்யத் தகுந்த வேலை.

அப்புறம், மூன்றில் எதுவானாலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டு ஆரம்பியுங்கள். முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் பெரிய ஜெட். ஈரக் கறுப்பாக இருந்தால் ஒரு அளவு இறக்குங்கள்.