தினம் ஒரு அத்தியாயமா, ஒரே மூச்சிலா?

தடித்த பழைய புத்தகத்தைப் படிக்க இரண்டு வழி: தினம் கொஞ்சம், இல்லையென்றால் விடுமுறையில் ஒரே மூச்சில். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள், 361 அத்தியாயங்கள், பெரும்பாலானவை சில பக்கங்கள்தான், தினம் ஒன்று என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். இதில் பெரிய வசதி, புரியாத பத்தியோடு மல்லுக்கட்டாமல் மூடிவைத்துவிடலாம், மறுநாள் திரும்பப் படித்தால் பாதி தானாகவே பிடிபடும்.

தொல்லையும் உண்டு. ஒரே ஆளைப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர், செல்லப்பெயர் என்று விதவிதமாகக் கூப்பிடுவார்கள், நத்தாலியாதான் நத்தாஷா. இரண்டு நாள் விட்டால் யார் யாரென்றே மறந்துபோகும் (பென்சிலால் ஒரு பெயர்ப் பட்டியல் எழுதிவைத்துக்கொள்வது நல்லது).

ஒரே மூச்சில் படித்தால் அந்தக் குழப்பம் குறைவு. நெப்போலியன் படையும் ரஷ்யப் படையும் மோதும் போரோடினோ போரை அப்படிப் படிப்பதுதான் சுகம், வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக நாவலின் நாயகர்களில் ஒருவரான பியர் பீரங்கிகளுக்கு நடுவே திரியும்போது புத்தகத்தை மூட யாருக்கு மனசு வரும்? ஆனால் முடிவுரையில் வரலாறு பற்றி டால்ஸ்டாய் நீளமாக வாதிடுவார், அங்கே வந்ததும் ஒரே மூச்சுக்காரர்கள் பக்கங்களைத் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். சரி, என் ஓட்டு தினசரிக்கே, போர் வரும்போது மட்டும் கணக்குப் பார்க்காமல் படியுங்கள்.