பில்லில் பைக் ஆயில், வண்டிக்குள் கார் ஆயில்: ஊட்டிப் பக்கம் கவனம்

ஊட்டியில் பைக் சர்வீஸ் விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பைக் ஆயில் ஒரு லிட்டர் என்று பில் போட்டுக் காசு வாங்கிவிட்டு, என் வண்டியில் கார் ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும்போதுதான் தெரிந்தது. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள செங்குத்தான ரோடு. ரேஸ் கொடுத்தால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. முதல் கியரிலும் அப்படியே. ஒரு வளைவில் நின்றேவிட்டது. பின்னால் பிக்கப் வண்டி, என்னோடு மனைவி. யானை நடமாடும் இடம், இறங்கி நிற்கவும் பயம்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டால், "ஆயில் எல்லாம் ஒண்ணுதாண்ணா, கார் ஆயில் இன்னும் நல்லது" என்கிறார் ஓனர். பெரிய கேனிலிருந்து எல்லா வண்டிக்கும் அதையேதான் ஊற்றுகிறார்களாம்!

இரண்டும் ஒன்று இல்லை. காரில் பொதுவாக கிளட்ச் இன்ஜின் ஆயிலில் படாது. பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறுகின்றன. பெட்ரோல் செலவு குறைவதற்காக, உராய்வைக் குறைக்கும் மருந்து பல கார் ஆயில்களில் கலந்திருக்கும். பிளேட் பிடிப்பதே உராய்வால்தான். அது போனால் வழுக்கும், சூடேறிக் கருகும். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ என்ற தரக்குறியீட்டை பைக் ஆயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

அப்புறம், "ஊட்டிக் குளிருக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். 10டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் விதத்தைக் காட்டுவது. அது குறையக் குறைய, உறைபனிக் காலையிலும் ஆயில் சீக்கிரம் மேலேறும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் நம்பர் ஆயிலையே கேளுங்கள்.

எனக்கு கிளட்ச் பிளேட் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. ஆயில் காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார் ஒர்க்‌ஷாப் ஓனர். நான் வாங்கவில்லை, பில்லோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன்.

ஆயில் டப்பாவின் சீலை அவர்கள் பிரிப்பதை நீங்கள் நேரில் நின்று பாருங்கள். காலி டப்பாவை அங்கே விட்டுவராதீர்கள், அதில் மறுபடி எதையாவது நிரப்பி விற்கிறார்கள். ஓட்டை போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள்.