17 ஆண்டுப் பழைய வண்டியின் செல்ஃப்: வீட்டிலேயே பழுதுபார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டரும் கார்புரேட்டரும் கொண்ட 150 சிசி மோட்டார் சைக்கிள். வாங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகளில் செல்ஃப் பொத்தானைப் பற்றி நினைக்கவே நேரவில்லை. அதன் பிறகு அது நான்கு முறை மக்கர் செய்தது. நான்கு முறையும் காரணம் வேறு. நான்கையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன் என்று சொல்லலாம். ஆனால் முதல் முறை நான் செய்ததைப் பழுதுபார்த்தல் என்பது பொருந்தாது. தேவையே இல்லாமல் ஒரு புதுப் பேட்டரி வாங்கினேன், அவ்வளவுதான்.

அன்று பொத்தானை அழுத்தியதும் சீட்டுக்கு அடியில் இருந்த ரிலே (இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச்) ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்ததே தவிர மோட்டார் சுற்றவில்லை. மோட்டார் கரண்டை இழுத்தவுடன் ரிலேவுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் சரிந்து அது விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் வோல்டேஜ் ஏறி மறுபடி பிடிக்கிறது; அந்த ஓசைக்கு இதுவே காரணம். பேட்டரி தளர்ந்திருந்தால் இப்படி நடக்கும் என்பது சரிதான். ஆனால் வழியில் ஓர் இணைப்பு கெட்டிருந்தாலும் இதே ஓசைதான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. புதுப் பேட்டரியின் வீரியத்தில் இரண்டு வாரம் வண்டி ஓடியது. மூன்றாவது வாரம் அதே ‘டக்டக்டக்’.

அப்போதுதான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் இந்த வண்டிக்காக நான் வாங்கியவற்றில் உருப்படியானது அதுதான் என்பேன். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளந்தபோது 12.7 காட்டியது, முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரிக்கு இது சரியான அளவு. ஓய்வில் அளப்பது மட்டும் போதாது என்பதால், செல்ஃபை அழுத்தியபடியே பேட்டரியின் இரு முனைகளிலும் மறுபடி அளந்தேன். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்; என்னுடையது 11.5க்குக் கீழே இறங்கவே இல்லை. பிறகு மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பரப்பிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். இதுதான் எர்த், அதாவது கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி; அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எண் நிலையாக நிற்காமல் 3க்கும் 5க்கும் இடையே துள்ளியது.

கணக்குப் போட்டால் இது புரியும். செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 0.05 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். விளக்குக்கோ ஹாரனுக்கோ அவ்வளவு கரண்ட் தேவையில்லை என்பதால் அவை நன்றாகவே வேலை செய்து, எர்த்தில் குறை இருப்பதை நம்மிடமிருந்து மறைத்துவிடும். என் வண்டியில் எர்த் ஒயர் இன்ஜினோடு சேரும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. எமரி பேப்பரால் இரு பரப்பையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிய பின் மேலே மெல்லிய வாசலின் பூசினேன். அளவு 0.1க்கு இறங்கியது. பேட்டரியின் மேல் பழிபோடுவது நம் காலத்துப் பழக்கம் மட்டுமல்ல. 1914இல் ‘இண்டியன்’ என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் என்ற மாடலில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொடுத்தபோது அன்றைய பேட்டரிகள் தாக்குப்பிடிக்கவில்லை. அப்போது அந்தப் பழி நியாயமானதே.

இரண்டாவது முறை ஒரே ஒரு ‘டக்’, பிறகு அமைதி. பொத்தானை அழுத்தும்போது ஹெட்லைட் மங்கவே இல்லை என்பதால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று ஊகித்தேன். ரிலேவின் இரண்டு தடித்த முனைகளுக்கு இடையே, பொத்தானை அழுத்திய நிலையிலும் பேட்டரியின் முழு வோல்டேஜும் இருந்தது. உள்ளே காண்டாக்ட் கரிந்து சேராமல் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ரிலேவை மாற்றினேன், வேலை முடிந்தது. அந்த இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் பொறி பறக்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. செல்ஃப் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினால் எடுத்துவிடும். தட்டினால் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் என்ற கரிக்கட்டி தேய்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரின் நட்டைத் திருகும்போது, அதற்கு அடியில் உள்ள இன்னொரு நட்டை வேறொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகும் ஸ்டட் சேர்ந்து திரும்பி, இன்சுலேஷனை உடைத்துவிடும். மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் இரு மூடிகளுக்கும் நடு உடலுக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருந்த மெல்லிய வாஷர்களை எந்தப் பக்கம் எத்தனை என்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உள்ளே கைநிறையக் கறுப்புத் தூள். பழைய பிரஷ் 5 மில்லிமீட்டர், அருகில் வைத்த புதியது 11 மில்லிமீட்டர். ஸ்பிரிங் இருந்தும் அந்தக் குட்டைக் கட்டியை, அது உரசி நிற்க வேண்டிய செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் மேல் அழுத்தப் போதிய தூரம் அதற்கு இல்லை. கம்யூட்டேட்டரின் செம்பு கறுத்திருந்ததால் 600 எண் எமரி பேப்பரை நாடாவாகக் கிழித்துச் சுற்றிலும் மெதுவாக இழுத்தேன். செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் அடைந்திருந்த தூளை மெல்லிய தகட்டு முனையால் சுரண்டி எடுத்தேன். பிறகு மீட்டரால் ஒரு சோதனை: செம்புத் துண்டுகளுக்கு இடையே தொடர்பு இருக்க வேண்டும், செம்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே இருக்கவே கூடாது. இந்தச் சோதனையில் தோற்றால் பிரஷ் வாங்கி மாட்டுவதில் பயனில்லை, மோட்டாரின் சுற்றும் பகுதியான ஆர்மெச்சரே போய்விட்டது.

மறுபடி பூட்டும்போதுதான் மூன்று முறை தோற்றேன். உடலுக்குள் இருக்கும் காந்தம் ஆர்மெச்சரை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அந்த அதிர்வில் பிரஷ்கள் கம்யூட்டேட்டரை விட்டு நழுவிவிடும், விரலும் நசுங்கும். நான்காவது முறை பிரஷ் தட்டோடு ஆர்மெச்சரை முதலில் சேர்த்து, அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி உடலை மேலிருந்து நிதானமாக இறக்கினேன், பொருந்திவிட்டது. இன்ஜினுக்குள் நுழையும் பக்கத்து ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றி இன்ஜின் ஆயில் தடவிப் போட்டதால் இன்றுவரை கசிவு இல்லை.

நான்காவது கதை சிறியது. பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. ஃபியூஸையும் ரிலேவையும் பார்த்து அரை நாளைப் போக்கிய பிறகு, கிளட்ச் லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் அழுக்கில் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. கில் சுவிட்ச், நியூட்ரல், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இருந்தால் அதுவும். இவற்றைப் பார்க்காமல் சீட்டைத் தூக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நான் தொடாத பகுதி ஒன்வே கிளட்ச், அதாவது மோட்டாரின் சுற்றலை இன்ஜினுக்கு ஒரு திசையில் மட்டும் கடத்தும் பாகம். மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றியும் இன்ஜின் சுற்றாமல் இருந்தால் அதன் ரோலர்களோ ஸ்பிரிங்குகளோ தேய்ந்திருக்கும். ஃப்ளைவீலை இழுத்து எடுக்கப் புல்லர் வேண்டும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. என் வண்டியில் குளிர்ந்த காலைகளில் ஓரிரு முறை அது வழுக்குகிறது; கிக்கர் இருப்பதால் இதுவரை பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்துவதில்லை, எடுக்கவில்லை என்றால் அரை நிமிடம் விட்டுத்தான் அடுத்த முயற்சி.

சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகளை எழுதி வருகிறேன். போன மாதத்து வரி: ஓய்வில் பேட்டரி 12.6, செல்ஃப் அழுத்தும்போது 10.9, எர்த்தில் இழப்பு 0.1, ரிலேவின் இரு தடித்த முனைகளுக்கு இடையே இழப்பு 0.2, இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் 14.2. ரிலேவின் எண் மட்டும் சென்ற முறை 0.1 ஆக இருந்தது.