பாரிமுனைக் கனிமக் கடை: கல்லுக்கு நான்கு நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்று

பாரிமுனைச் சந்து ஒன்றில் பழைய ஆய்வகச் சாமான் விற்கும் கடை. பின்னறை முழுக்கக் கனிம மாதிரிகள். புனே அபோஃபிலைட், சேலம் மேக்னசைட், நெல்லூர் மைக்கா, பல்லாவரம் சார்னோகைட் பாறை எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் கிரான்ட்ஸ் நிறுவனம் விற்ற பழைய துண்டுகளும் எப்போதாவது வரும். நுனி உடையாத படிகங்கள், நியாயமான விலை.

குறையெல்லாம் லேபிளில்தான். கற்கள் தட்டில் இருக்க, லேபிள்களை மொத்தமாக பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. அது பிரிந்தால், நூறு வருஷக் கல்லும் நேற்று வெட்டிய கல்லும் ஒன்றுதான். போதாததற்குச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். அடியில் வெள்ளைப் பெயின்ட் பூசி அதன்மேல் கறுப்பு மையால் எழுதிய எண் உரிந்துவிடுகிறது. கழுவாத கல்லாகக் கேளுங்கள்.

டின்னைக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். கல்லின் எண்ணும் லேபிளின் எண்ணும் பொருந்தினால் மட்டும் போதாது, கனிமமும் ஊரும் ஒத்துவர வேண்டும். முகவரியும் காலம் சொல்லும்: கிரான்ட்ஸ் 1850-இல் பெர்லினிலிருந்து பான் நகருக்குப் போனது, பெர்லின் என்று அச்சிட்ட லேபிள் அதற்கு முந்தியது. சார்னோகைட் என்ற பெயரை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கொல்கத்தா கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல்தான் வைத்தார். அந்தப் பெயரோடு 1880 என்று தேதி போட்ட லேபிள் போலி, யோசிக்கவே வேண்டாம்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் கொண்டுபோங்கள். லேபிள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் காகிதம் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தியது. ஒளிராவிட்டால் உண்மை என்று அர்த்தமில்லை; பழைய நோட்டுத் தாளில் புதிதாக எழுதியிருக்கலாம். படிகம் மேட்ரிக்ஸோடு, அதாவது அடியில் உள்ள தாய்ப்பாறையோடு, சேரும் இடத்திலும் டார்ச்சை அடியுங்கள். உடைந்ததை எபாக்சி பசையால் ஒட்டியிருந்தால் அந்த ஒட்டு பல நேரம் பால்நீலக் கோடாகத் தெரியும்.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களான பைரைட், மார்க்கசைட் மட்டும் இங்கே வாங்க வேண்டாம். திறந்த தட்டில், சென்னைப் புழுக்கத்தில் கிடக்கின்றன. ஈரம் பட்டு உண்டாகும் கந்தக அமிலம் கல்லைப் பொடியாக்கி, அடியில் வைத்த லேபிளையும் அரித்துவிடும். கந்தக வாடையும் சாம்பல் பொடியும் இருந்தால் தொடாதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். லேபிள் தனி பாலியெஸ்டர் உறையில் இருக்கட்டும்.

பில்லில் கனிமத்தின் பெயர், கல்லில் உள்ள எண், எங்கிருந்து வந்த சரக்கு என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தானாக எழுத மாட்டார்கள், கேட்டால் எழுதித் தருகிறார்கள்.