எச்சரிக்கை: கழுத்துப் பிடிப்புக்கு எம்.ஆர்.ஐ. பேக்கேஜ்

நன்றாகப் படுத்தவர் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுகிறார். கிளினிக்கில் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு. சீட்டில் 'கழுத்து வலி' என்று மட்டும் இருக்கும். கவுன்டரில் 'ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங்கும் சேர்த்து எடுத்துக்கோங்க, ஆஃபர் இருக்கு' என்பார்கள். முழு முதுகெலும்பையும் மேலோட்டமாகப் படம் எடுப்பதுதான் அது. மறுநாள் ரிப்போர்ட்: 'சி5-சி6 டிஸ்க் பல்ஜ், லார்டோசிஸ் குறைவு'. டிஸ்க் பல்ஜ் என்றால் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு சற்றுப் புடைத்திருப்பது, இங்கே ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புக்கு நடுவே. அதைக் காட்டி 'ஜவ்வு விலகிடுச்சு' என்று பயமுறுத்தி, காலரும் பிசியோ பேக்கேஜும் தலையில் கட்டுவார்கள். ஊருக்கு ஊர் இதே கதைதான்.

அந்த இரண்டு வரிக்கும் பயப்பட வேண்டாம். கழுத்தில் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு. லார்டோசிஸ் என்பது கழுத்தெலும்பின் இயல்பான வளைவு. தசை இறுகினாலும், படம் எடுக்கையில் தாடையை உள்ளே இழுத்துப் படுத்தாலும் அது நேராகத் தெரியும். நேற்று வந்த வலிக்கு இவைதான் காரணம் என்று ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஸ்கிரீனிங் பெரும்பாலும் பக்கவாட்டு வெட்டுப் படங்கள் மட்டும்தான். சில நிமிட வேலை. குறுக்குவெட்டு இல்லாததால் நரம்பு எங்கே அழுந்துகிறது என்று சரியாகத் தெரியாது. கழுத்தை மட்டும் ஒழுங்காக எடுப்பதே மேல்: பக்கவாட்டில் டி1, டி2, ஸ்டிர், குறுக்கில் டி2 (இவை எம்.ஆர்.ஐ. பட வகைகள்). மெஷினின் காந்த சக்தி 1.5 டெஸ்லாவா என்று கேளுங்கள். 0.3 டெஸ்லா ஓப்பன் மெஷினில் எடுத்துவிட்டு 1.5-க்கான காசு வாங்குவதும் உண்டு.

காசு போனால்கூடப் பரவாயில்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இதுவரை இல்லாத மாதிரி திடீரென ஒருபக்கக் கழுத்து வலி, தலைவலி, ஒரு கண்ணிமை இறங்குவது, தலைசுற்றல், பேச்சுக் குழறல் என்றால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். வழக்கமான கழுத்தெலும்பு எம்.ஆர்.ஐ.யில் இது எளிதில் தவறிப்போகும். தேவை கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன்), அல்லது கொழுப்பை மறைத்து எடுக்கும் டி1 குறுக்குவெட்டு. அதில் குழாய்ச் சுவருக்குள் தேங்கிய ரத்தம் பிறை மாதிரி வெளுத்துத் தெரியும். 'நார்மல்' ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தவருக்குப் பக்கவாதம் வருவது இப்படித்தான்.

காய்ச்சலோடு வலி என்றால் தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ் இருக்கிறதா என்று கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. (படம் தெளிவாகத் தெரிய ஊசி மருந்து போட்டு எடுப்பது) பார்க்க வேண்டும், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். வயதானவருக்குக் காய்ச்சல், இறுகிய கழுத்து, ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் அளவு) அதிகம் என்றால் இரண்டாம் கழுத்தெலும்பின் கொம்பைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன்தான். இதை மூளைக்காய்ச்சல் என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. விழுந்து அடிபட்டு எக்ஸ்ரே எடுத்தால், பக்கவாட்டுப் படத்தில் ஏழாவது கழுத்தெலும்பும் அதன் கீழ் முதல் முதுகெலும்பின் மேல்பகுதியும் தெரிய வேண்டும். தோள் மறைத்த படத்தை வைத்து 'முறிவு இல்லை' என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். வலி தாடைக்கும் கைக்கும் பரவி வியர்த்தால் மாரடைப்பாக இருக்கலாம், முதலில் ஈ.சி.ஜி., ஸ்கேன் அப்புறம்.

கை பலவீனம், மரத்துப்போதல், நடை தடுமாற்றம் என்றால் எம்.ஆர்.ஐ. நியாயமானதே. இவை எதுவும் இல்லாத வெறும் பிடிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும்.

சீட்டில் எத்தனை நாளாக வலி, எந்தக் கை, காய்ச்சல், அடி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்டுக்குப் பணம் கட்டியிருந்தால் ரிப்போர்ட்டில் 'டெக்னிக்' பகுதியைப் பாருங்கள். ஊசி போட்டதாகவே இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் அந்த ஊசியைப் போடக்கூடாது. பிலிம் போதாது, எல்லாப் படங்களும் டைகாம் வடிவில் (கம்ப்யூட்டரில் பார்க்கும் மூலப் படங்கள்) உள்ள குறுந்தட்டையும் வாங்குங்கள், வேறொரு டாக்டர் பார்க்க அதுதான் உதவும்.

நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவது 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி தவறு. அதே விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில், சீட்டு, ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும்.