சிங்கப்பூர் பழைய உச்ச நீதிமன்றம்: ஓவியத்துக்கு முன் கட்டடத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் கூடத்தின் ஒரு பாதி, 1939இல் திறக்கப்பட்டு 2005 வரை வழக்குகள் நடந்த உச்ச நீதிமன்றம். மறுபாதி பழைய நகர மண்டபம். நீதிமன்றப் பகுதிக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், தகும்.

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். வந்ததும் உள்ளே நுழைந்துவிடாமல் பாடாங் திடலோரம் நின்று முக்கோண முகப்பை நிதானமாகப் பாருங்கள். நடுவே நீதிதேவதை, ஒரு பக்கம் காளையோடு ஒருவர், கோதுமைக் கதிரோடு இரண்டு சிறுவர். இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோல்லியின் வேலை. காலையில் போனால்தான் முகப்பில் வெயில் விழும். பிற்பகலில் சிற்பங்களின் நுணுக்கம் நிழலில் மங்கிவிடும்.

உள்ளே 1937 ஏப்ரல் 1 அன்று நாட்டிய அடிக்கல் இருக்கிறது. அதனடியில் அக்கால நாளிதழ்களும் நீரிணைக் குடியேற்றம் என்ற அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் நாணயங்களும் கொண்ட பேழை புதைந்திருக்கிறது. 3000ஆம் ஆண்டில்தான் திறப்பார்களாம்.

அடுத்து, அந்நாளில் கைதிகளைக் கொண்டுபோன வழியிலேயே போக வேண்டும். முதலில் கீழே உள்ள காவல் அறைகள். பன்னிரண்டில் இரண்டைத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால்தான் எவ்வளவு குறுகல் என்று உறைக்கும். அங்கிருந்து கைதியைப் படிக்கட்டு வழியாக நேரே நீதிமன்றத்தின் குற்றவாளிக் கூண்டுக்குள் ஏற்றுவார்கள். பொதுமக்கள் நடக்கும் தாழ்வாரத்தில் அவர் தலையே தெரியாது. அறைகளைப் பார்த்த கையோடு முதலாம் எண் நீதிமன்றத்துக்கு ஏறுங்கள். கூண்டு, நீதிபதி மேடை, மரப்பலகைச் சுவர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் நடுவே கலைப்பொருள்களும் இருப்பதால், ஓவியம் தேடி வந்த கண்ணுக்குக் கூண்டு தப்பிவிடும். அறைகளை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். வரிசை மாறினால் கூண்டு வெறும் மரச்சாமானாகத் தெரியும்.

பிறகு வட்டக்கூடம். வழக்கறிஞர்கள் பயன்படுத்திய சட்ட நூலகம் இது. முகப்பில் தெரியும் பெரிய குவிமாடத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இது அதற்குப் பின்னால் உள்ள சின்னது.

குழப்பம் வருவது இரண்டு கட்டடங்களை இணைக்கும் பாலங்களில். தளத்தின் எண்ணை மட்டும் நம்பிப் போனால் நகர மண்டபத்தில் போய் நிற்பீர்கள். வரைபடத்தில் உச்ச நீதிமன்றப் பிரிவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிலையான கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்கள் கிளம்பும்முன் இணையத்தில் கட்டணத்தைப் பார்த்துவிடுவது நல்லது.